படலைக்கு வெளியே முதல் நாள்: குட்டி நாயை மற்ற நாய்களோடு பழக்குவது பற்றி வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: வீட்டுக்கு வந்த குட்டியை எப்போது, எந்த நாயோடு, எப்படிப் பழக விடுவது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்து, இதற்கு மட்டும் விரிவாகப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் குட்டிக்கு ஒன்பது கிழமை. ஒரு ஊசிதான் போட்டிருக்கிறோம். எல்லா ஊசியும் முடியும்வரை, நாலு மாதத்துக்குப் படலைக்கு வெளியே விடக்கூடாது என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு அண்ணையோ, இப்பவே மற்ற நாய்களோடு பழக்காவிட்டால் பிறகு கண்ட நாயோடெல்லாம் சண்டை பிடிக்கும் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, கோண்டாவில்

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் ஆளுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணை சொன்ன பாதியை முதலில் பார்ப்போம். பிறந்து 3 கிழமையிலிருந்து 12, 14 கிழமை வரைதான் குட்டியின் மனம் அகலத் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் பயமில்லாமல் கண்டதெல்லாம் அதற்கு உலகத்தின் இயல்பான பகுதி. அதற்குப் பிறகு முதல்முறை காண்பது எதுவாக இருந்தாலும் முதலில் சந்தேகம்தான். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுகூடத்தில் ஸ்கொட், புல்லர் என்ற இருவரும் ஆண்டுக்கணக்காகக் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் வெளியிட்ட முடிவுகளிலிருந்து இந்தக் கணக்கு வருகிறது. உங்கள் குட்டிக்கு ஒன்பது கிழமை என்றால் மிச்சம் இருப்பது ஐந்து கிழமை. நாலு மாதம்வரை அடைத்து வைத்தால் அந்தக் கதவு மூடிய பிறகுதான் நீங்கள் படலையைத் திறக்கிறீர்கள்.

மற்றப் பாதி நோய். குட்டிகளை வாந்தியும் இரத்த வயிற்றோட்டமுமாகக் கொல்லும் பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி, மண்ணில் மாதக்கணக்காக, சில இடங்களில் ஒரு வருடம் வரைகூட உயிர்ப்போடு கிடக்கும். குட்டி மோந்து பார்த்துவிட்டுக் காலை நக்கினாலே போதும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி 6 கிழமைக்கும் 16 கிழமைக்கும் இடையில் எப்போதாவது குறைந்துவிடும். எந்த நாளில் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அது உடம்பில் இருக்கும்வரை போட்ட ஊசியையும் அதுவே முறித்துவிடும். அதனால்தான் 6 முதல் 8 கிழமைக்குள் முதல் ஊசி, பிறகு 3, 4 கிழமைக்கு ஒருமுறை, 16 கிழமை தாண்டும்வரை என்று திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். ஒரு ஊசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைப்பது தவறு. விசர்நாய்த் தடுப்பூசி 12 கிழமையில். அதற்கு முதலே போட்டிருந்தாலும் 12 கிழமையில் இன்னொருமுறை போட வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நோய் இருப்பது பெரும்பாலும் நிலத்தில். குட்டி பழக வேண்டியது நாயோடு. நிலத்தைத் தவிர்த்துக்கொண்டு நாயைக் காட்டலாம். அமெரிக்காவில் விலங்கு நடத்தை பார்க்கும் மிருக வைத்தியர்களின் சங்கம் 2008இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: முதல் ஊசி போட்டு 7 நாள் கழிந்து, வயிற்றுப் பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால் 7, 8 கிழமையிலேயே குட்டியை மற்றக் குட்டிகளோடு பழக்கத் தொடங்கலாம். அவர்கள் சொன்னது கழுவித் துடைத்த தரையுள்ள இடத்தை. எங்கள் ஒழுங்கை ஓரப் புல்லுக்கு அது பொருந்தாது.

ஆகவே ஊசி போட்டு ஏழு நாள் ஆன பிறகு இப்படித் தொடங்குங்கள். காலை ஆறரைக்குள், அல்லது பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, ஒரு துவாயை மடியில் விரித்துக் குட்டியை வைத்துக்கொண்டு படலை வாசலிலோ மதகிலோ இருங்கள். குட்டியின் கால் நிலத்தில் படக்கூடாது. தெருவால் ஒரு நாய் போகும். அது 10, 15 மீற்றர் தூரத்தில் போகும்போதே அவித்த கோழி இறைச்சியில் கடலை அளவு துண்டொன்றை வாயில் கொடுங்கள். நாய் மறைந்ததும் தீன் நிற்க வேண்டும். நாய் வந்தால் நல்லது நடக்கும் என்பதுதான் குட்டி படிக்க வேண்டிய முதல் பாடம், அதனால் இந்த ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் தீனைக் காட்டிவிட்டுப் பிறகு நாயைக் காட்டினால், தீன் தந்தால் ஏதோ வரப்போகிறது என்று குட்டி தீனையே சந்தேகிக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கோழி இல்லாவிட்டால் நெத்தலிக் கருவாடும் நல்லது, ஆனால் சுடுதண்ணீரில் இரண்டு முறை ஊற வைத்து உப்பைப் போக்கிக் கொடுங்கள்.

அடுத்தது, தெரிந்த வீட்டு நாய். அந்த வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் மூன்று விடயம் கேளுங்கள்: நாய்க்கு இந்த வருட ஊசி போட்டாயிற்றா? கட்டாக்காலி நாய்கள் வளவுக்குள் வந்து போகிறதா? கடந்த ஒரு வருடத்துக்குள் அங்கே ஏதாவது குட்டி வாந்தியும் இரத்த வயிற்றோட்டமுமாகச் செத்ததா? மூன்றாவதற்கு ஆம் என்றால், நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அந்த வளவுக்குக் குட்டியைக் கொண்டுபோக வேண்டாம். மற்றபடி சீமெந்து நிலம் உள்ள முற்றமோ விறாந்தையோ மண் முற்றத்தைவிட மேல். சீமெந்தைக் கழுவி, ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு சேர்த்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் பார்வோ செத்துப்போகும். மண்ணில் அதைச் செய்ய முடியாது. நீங்கள் வெளியே போட்ட செருப்பைப் படலையடியிலேயே கழற்றிவிடுங்கள். பல வீடுகளில் நோயைக் கொண்டுவருவது செருப்புத்தான்.

ஒரு நேரத்தில் ஒரு நாய் மட்டும். கிழமைக்கு ஒன்று, இரண்டு புது நாய் போதும். பதினாறு கிழமைக்குள் ஆறு, எட்டு வித்தியாசமான நாயை, பெரிதும் சிறிதும், கிழட்டு நாயும் குட்டியுமாக, பயப்படாமல் சந்தித்திருந்தால் அது நிறைந்த படிப்பு. ஒரு மோசமான சந்திப்பு பத்து நல்ல சந்திப்பை அழித்துவிடும் என்பதால் எண்ணிக்கைக்காக அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று: மிருக வைத்தியரிடம் ஊசிக்குப் போகும்போது, காத்திருக்கும் இடத்தில் குட்டியை நிலத்தில் விடாதீர்கள். நோயுள்ள நாய்கள் வந்து போகும் இடம் அதுதான். மடியிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: வீட்டில் ஆறு வயதுக் கடுவன் நாய் ஒன்று நிற்கிறது. இரண்டு மாதக் குட்டி கொண்டுவந்து நாலு நாள். கிட்டப் போனால் கடுவன் உறுமுகிறது. நாங்கள் ஏசுகிறோம், ஏசினால் இன்னும் கூடுகிறது. குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
— வாசகர், மானிப்பாய்

கொடுக்க வேண்டாம். ஏசுவதை இன்றோடு நிறுத்துங்கள். உறுமல் என்பது "தள்ளி நில்" என்ற எச்சரிக்கை. அதை ஏசி அடக்கினால் கடுவனின் கோபம் போகாது, எச்சரிக்கைதான் போகும். பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். ஏச்சு குட்டி வரும்போது மட்டும் கிடைப்பதால், "இந்தக் குட்டி வந்தால் எனக்கு ஏச்சு" என்றும் கடுவன் படித்துக்கொள்கிறது. நீங்கள் சொல்லும் கூடுதல் அதனால்தான்.

நாலு நாளை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். இரண்டையும் வேறு வேறு அறையில் விடுங்கள். ஒரு பழைய துவாயால் குட்டியைத் துடைத்து, அதைக் கடுவன் படுக்கும் இடத்துக்கு ஒரு மீற்றர் தள்ளிப் போடுங்கள். கடுவனைத் துடைத்த துணியைக் குட்டிக்கு. ஒருநாள் மணம் பழகட்டும்.

அடுத்த நாள் சந்திப்பு. வீட்டுக்குள்ளோ படலையடியிலோ வேண்டாம். கடுவன் காவல் காக்கும் இடங்கள் அவை. தெரிந்தவர்களின் மதில் கட்டிய, சீமெந்து போட்ட முற்றம் கிடைத்தால் நல்லது. இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு நாய். கயிறு இரண்டு மீற்றர், தொய்வாக. ஐந்து மீற்றர் இடைவெளி விட்டு, இரண்டு நாயும் ஒரே பக்கம் பார்க்க, அருகருகே நடவுங்கள். நேருக்கு நேர் நடத்துவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. முகத்துக்கு முகம் வருவது நாய்க்குச் சண்டைக்கு அழைப்பது மாதிரி. நடக்க நடக்கக் கடுவன் குட்டியைப் பார்த்துவிட்டுத் தானாகவே தலையைத் திருப்பும். அந்தத் திருப்பலுக்கு ஒரு துண்டு கோழி. இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் வளைந்து வந்து பின்பக்கத்தை மோக்க விடுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, சிரித்த குரலில் கூப்பிட்டு விலக்குங்கள். திரும்பி வந்தால் இன்னொரு மூன்று. கயிற்றை இறுக்கிப் பிடித்தால் உங்கள் பயம் கயிற்றாலேயே நாய்க்குப் போகும், கவனம்.

வீட்டுக்கு வந்தபின் சாப்பாட்டுக் கோப்பைகள் இரண்டு அறையில், கதவைச் சாத்தி. தின்று முடிந்ததும் கோப்பையை எடுத்துவிடுங்கள். எலும்பு எதுவும் நிலத்தில் கிடக்கக்கூடாது. கடுவன் படுக்கும் இடத்துக்குக் குட்டி போக முடியாமல் ஒரு பலகையைக் குறுக்கே வையுங்கள். கிழட்டு நாய்க்கு ஓய்வு எடுக்க ஒரு மூலை இல்லாவிட்டால் எந்த முயற்சியும் சரிவராது. ஒரு நாளில் மூன்று, நாலு முறை, பத்துப் பத்து நிமிடம் சேர்த்து விடுங்கள். முதல் ஒரு மாதம் ஆள் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விட வேண்டாம்.

உறுமுவது, பல்லைக் காட்டுவது, வாயைக் காற்றில் அடிப்பது எல்லாம் பாடம் நடத்துவதுதான். குட்டி வாலைச் சுருட்டிப் பின்வாங்க, கடுவன் விட்டுவிட்டால் நல்ல ஆசிரியர் கிடைத்திருக்கிறார். குட்டி பின்வாங்கிய பிறகும் துரத்துகிறதா, உடம்பை விறைத்துக்கொண்டு கண் வெட்டாமல் பார்க்கிறதா, தோல் ஓட்டையாகும்படி கடிக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று நடந்தால் பிரித்து வைத்துவிட்டு மிருக வைத்தியரைக் கேளுங்கள். நோவுள்ள நாயும் இப்படி மாறும். ஆறு வயதில் பல்லு, மூட்டு, காது மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு விடயம், குட்டி என்று பெரிய நாய்கள் பொறுத்துப்போவது நாலு, ஐந்து மாதம் வரைதான். அந்த நேரம் திடீரென்று கடுவன் கண்டிப்பாகிவிட்டால் பயப்படாதீர்கள், சேர்த்து விடும் நேரத்தை மட்டும் குறையுங்கள்.

கேள்வி: ஐந்து கிழமையில் கொண்டுவந்த குட்டி. இப்போது மூன்று மாதம். மாமி வீட்டுக் குட்டியோடு விளையாடும்போது கத்திக் கத்தி உருளுதுகள். விளையாட்டா சண்டையா என்று தெரியவில்லை. கடியும் பலமாக இருக்கிறது.
— வாசகி, பருத்தித்துறை

ஐந்து கிழமை கூடிய அவசரம். எட்டுக் கிழமைவரை தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் நிற்கும் குட்டி, "இவ்வளவு பலமாகக் கடித்தால் விளையாட்டு நிற்கும்" என்பதை அங்கேயே படித்துவிடும். உங்கள் குட்டிக்கு அந்த மூன்று கிழமை கிடைக்கவில்லை. குட்டி தரச் சொல்லிக் கேட்பவர்களும் கொடுப்பவர்களும் தயவுசெய்து எட்டுக் கிழமை பொறுத்திருங்கள்.

விளையாட்டு என்றால் உடம்பு வளைந்து குழைந்திருக்கும். முன்காலை நிலத்தில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தி, வாயைத் தளர்வாகத் திறந்து வைத்திருக்கும். கீழே கிடப்பது அடுத்த நிமிடம் மேலே வரும், துரத்தியது துரத்தப்படும். இடையில் இரண்டும் தானாக நின்று உடம்பை உதறிவிட்டுத் திரும்பத் தொடங்கும். சண்டைக்குத் திரும்பும்போது உடம்பு பலகை மாதிரி நேராகும், வாய் இறுக மூடும், வால் விறைத்து மேலே நிற்கும், சத்தம் திடீரென்று குறையும். கத்திக்கொண்டு உருளும் குட்டிகளைவிட, சத்தமில்லாமல் விறைத்து நிற்கும் குட்டிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் எளிய பரீட்சை ஒன்று உண்டு. மேலே கிடக்கும் குட்டியை மெதுவாகப் பிடித்து விலக்குங்கள். கீழே கிடந்தது எழும்பித் திரும்ப அதனிடமே ஓடினால் விளையாட்டு. கதிரைக்குக் கீழே போனால், அல்லது உங்கள் காலுக்குப் பின்னால் ஒளித்தால், அதற்குப் போதும். ஒளித்த குட்டியைத் தூக்கி "போ, விளையாடு" என்று நடுவில் விடாதீர்கள். நாக்கால் மூக்கை நக்குவது, நித்திரை வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் "எனக்கு ஏலாது" என்பதன் முதல் சொல்.

கடிக்கு மருந்து: மாமி வீட்டுக் குட்டி "கீச்" என்று கத்தினால் அந்தக் கணமே உங்கள் குட்டியைத் தூக்கி, அரை நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு விடுங்கள். அடிக்கத் தேவையில்லை. மூன்றாம் முறையும் அப்படியே என்றால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. ஐந்து நிமிட விளையாட்டு, ஒரு நிமிட ஓய்வு என்று நீங்களே இடைவெளி வையுங்கள். களைத்த குட்டி கடிக்கும், பசித்த குழந்தை அழுவது மாதிரி. பொறுமையான பெரிய பெட்டை நாய் ஒன்று தெரிந்தவர்களிடம் இருந்தால் கிழமைக்கு இரண்டு முறை கூட்டிக்கொண்டு போங்கள். மாதக்கணக்கில் நாங்கள் சொல்லிக்கொடுப்பதை அது இரண்டு உறுமலில் சொல்லிக்கொடுத்துவிடும்.

கேள்வி: நாலரை மாதம், ஊசி எல்லாம் முடிந்தது. ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போனால் நாலு, ஐந்து கட்டாக்காலி நாய்கள் சூழ்ந்துவிடுகின்றன. என்ன செய்வது?
— வாசகர், சுன்னாகம்

முதலில் குட்டி இல்லாமல் நீங்கள் மட்டும் இரண்டு, மூன்று நாள் அதே நேரம் நடந்து பாருங்கள். எந்தச் சந்தியில் எத்தனை நிற்கிறது, எது முன்னுக்கு வருகிறது, எது சும்மா குரைக்கிறது என்று தெரிந்துவிடும். கூட்டமாக நிற்கும் இடத்தை விட்டு வேறு பாதை எடுங்கள். ஒரு பெட்டையின் பின்னால் நாலு, ஐந்து கடுவன்கள் திரிந்தால் அன்றைக்கு நடையே வேண்டாம். மதகுக்குக் கீழே குட்டி போட்ட தாய் நிற்கிறது என்றால் ஐம்பது மீற்றர் தள்ளியே திரும்புங்கள்.

சூழ்ந்துவிட்டால் ஓடாதீர்கள். பக்கவாட்டாகத் திரும்பி நில்லுங்கள், குட்டி உங்களுக்கும் மதிலுக்கும் இடையில். சட்டைப் பையில் ஒரு பிடி பிஸ்கற் வைத்திருந்தால் அவற்றுக்குப் பின்னால், தூரமாக, நிலத்தில் சிதற எறியுங்கள். நாய்கள் அதைக் குனிந்து பொறுக்கும் நேரத்தில் மெதுவாக நடந்து விலகலாம். எங்கள் ஊர் நாய்களுக்குக் குனிந்து கல் எடுப்பது என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், குனிந்தாலே பின்வாங்கும். குனிவதோடு நிறுத்துங்கள். கல்லெறிந்து ஒரு நாய் அலறினால், "நாய் கிட்ட வந்தால் பயங்கரம்" என்று படிப்பது உங்கள் கையிலிருக்கும் குட்டிதான். கழுத்துப்பட்டியைவிட, கடையில் ஹார்னஸ் என்று கேட்டால் தரும் நெஞ்சுப்பட்டி நல்லது. இழுக்க வேண்டி வந்தாலும் கழுத்து நெரியாது. சிறிய இனம் என்றால் அந்தச் சந்தி தாண்டும்வரை சைக்கிள் கூடையில் வைத்துப் போய், வெளியான இடத்தில் இறக்கி நடத்துங்கள்.

கேள்வி: ஏழு மாத அல்சேசன். பகல் முழுக்க மாமரத்தில் கட்டியிருக்கிறோம். தகர வேலிக்கு வெளியே நாய் போனால் சங்கிலி அறுந்துவிடும்போல பாய்கிறது. இனிப் பழக்க முடியாதா?
— வாசகர், சாவகச்சேரி

முடியும். ஆனால் குட்டிக்கு ஒரு கிழமையில் வருவது இதற்கு இரண்டு, மூன்று மாதம் எடுக்கும். எல்லா நாயோடும் விளையாடும் நாயாக மாறாமலும் போகலாம். பக்கத்தால் நாய் போக, அமைதியாக நடந்தால் அதுவே வெற்றி.

சங்கிலிதான் பாதிக் காரணம். போகவும் முடியாது, விலகவும் முடியாது, மிச்சம் பாய்ச்சல்தான். குரைக்கிறது, வெளியே போன நாய் தன்பாட்டில் போய்விடுகிறது, "நான்தான் துரத்தினேன்" என்று இது நினைக்கிறது. ஒரு நாளைக்கு இருபது முறை அந்தப் பாடம் நடக்கிறது. ஆகவே முதலில் வேலியின் கீழ் இடைவெளிகளைக் கிடுகாலோ தகரத்தாலோ அடையுங்கள், கட்டும் இடத்தை வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள், காலையும் பின்னேரமும் ஒவ்வொரு மணித்தியாலமாவது அவிழ்த்துவிடுங்கள். பிறகு வெளியான இடமொன்றில், சாதுவான நாய் ஒன்றை 30 மீற்றர் தூரத்தில் நிறுத்தி, கோழித் துண்டு கொடுத்துப் பாருங்கள். வாங்கித் தின்றால் தூரம் சரி. வாயைத் திறக்கவே மாட்டேன் என்றால் கிட்ட வந்துவிட்டீர்கள், இன்னும் பின்னால் போங்கள். சில நாளைக்கு ஒருமுறை இரண்டு மீற்றர் குறையுங்கள். ஆண்மை நீக்கினால் சரிவரும் என்று சொல்வார்கள். மற்றப் பயன்கள் உண்டு, ஆனால் பயத்தால் வரும் பாய்ச்சலை அது மாற்றாது.

கேள்வி: தெருநாய் ஒன்று எங்கள் குட்டியைக் கடித்துவிட்டது. பிரிக்கப்போன மகனின் கையிலும் நகக் கீறல். சின்னக் கீறல்தான், பயப்பட வேண்டுமா?
— வாசகி, நல்லூர்

கீறல் சின்னது என்று பார்க்க வேண்டாம். இதை வாசிக்கும் இந்த நேரமே மகனை அரச வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விசர்நாய்த் தடுப்பு மருந்து அங்கே இலவசம். கடி, கீறல் நடந்தவுடன் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் பூசக்கூடாது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க முடிந்தால் நல்லது, ஆனால் அதற்காக வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. குட்டியின் காயத்தையும் அதேபோலக் கையுறை போட்டுக் கழுவி, அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு.

கேள்வி: கடற்கரையில் விட்டுப் பழக்கலாமா? அங்கே இடம் விசாலம்.
— வாசகர், வல்வெட்டித்துறை

ஊசி எல்லாம் முடிந்த குட்டி என்றால் நல்ல இடம். விசாலமாக இருப்பதால் நாய்கள் வளைந்து வந்து சந்திக்கலாம், விலகவும் வழி இருக்கும். ஆனால் மீன் இறக்கும் இடத்துக்குப் போக வேண்டாம். அங்குள்ள நாய்களுக்கு அது சாப்பாட்டு மேசை, வந்தவரை விடமாட்டா. கரையொதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனைக் குட்டி வாயில் எடுக்காமல் பாருங்கள், அதன் நஞ்சு கொல்லும். தூண்டில் முள்ளுக்கும் கண் வேண்டும். வெயில் ஏறுமுன் திரும்புங்கள். புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் குட்டியின் பாதத்துக்கும் அது சூடுதான். மாரியில் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும்போது அந்தத் தண்ணீரில் விளையாடவோ குடிக்கவோ விட வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ் என்று உண்ணி தேடுங்கள். மற்ற நாய்களோடு பழகும் குட்டிக்கு இது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை.